பொன்வாய் அருளப்பர்

மாணாக்கர்க்குச் சொல்வன்மை கற்பிக்குந்தோறும் என் நினைவில் எழுபவர் அந்தியோக்கியா நகரத்துக் குருவாகிய அருளப்பர். பொன்வாய் எனப் பொருள்படும் கிறிசோஸ்தோம் என்னும் சிறப்புப் பெயரைப் பிற்காலத்தார் அவர்க்குச் சூட்டினர்.

இளமையில் லிபானியுஸ் என்னும் பேராசிரியரிடம் நாவன்மை பயின்ற அவர், 386 ஆம் ஆண்டிலே குருவானார். மறு ஆண்டு, வரிச்சுமையால் வெகுண்ட நகரத்தார் தியோடோசியுஸ் பேரரசனுடைய சிலைகளை உடைத்துத் தள்ளினர். பின்னர்த் தண்டனைக்கு அஞ்சி நடுங்கினர். முதிய ஆயர் பிளாவியான் மன்னிப்பு வேண்டித் தலைநகர்க்குச் சென்றார். அத்தவக்காலத்தில் அருளப்பர் மக்களைத் தேற்றினார். வயிறு நோற்றாற் போதாது, நாவும் நோற்றல் வேண்டுமென்றார். ஆணையிடுதலையும் புறங்கூறலையும் ஒழிக்குமாறு பன்முறை வற்புறுத்தினார். பேரரசனும் நகரத்தாரை மன்னித்தான்.

ஆயினும், அவ்வாண்டுகளிலேயே யூதரைக் குறித்து அவர் மொழிந்த கடுஞ்சொற்கள், பின்வந்த பகைமையாளர்க்குப் படைக்கலமாயின.

398 இல் கொன்ஸ்தாந்தினோப்பிளின் பேராயரானார். அரண்மனை ஆடம்பரத்தைக் கண்டித்து, அரசி யூதோக்சியாவின் சினத்துக்கு ஆளாகி, 404 இல் நாடுகடத்தப்பட்டார். 407 இல் இன்னுந் தொலைவுக்குக் கொண்டுசெல்லப்படுகையில் கொமானாவில் உயிர்நீத்தார். 438 இல் அவ்வரசியின் மைந்தனே அவருடலைத் தலைநகரில் எதிர்கொண்டு, பெற்றோர் பிழை பொறுக்க வேண்டினான்.

அரசிமுன் அஞ்சாது நின்றதும் அயலார்மேற் கனன்றதும் ஒரே நா. முன்னதற்காக அவரைப் போற்றுகின்றேன். பின்னதையும் மாணாக்கர்க்கு மறையாது கூறுகின்றேன்.