உண்ணியின் குட்டு வெளிப்பட்டது!

டாக்டர் தியோபால்டு ஸ்மித்தின் வாழ்க்கை

நாயின் காது மடலிலும் கால் விரல் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்துக் கொட்டைமுத்துப் போல் உப்பிக் கிடக்கும் உண்ணியைப் பார்க்காதவர் இல்லை. அது குடிக்கும் ரத்தம் கொஞ்சம்தான். கொடுத்துவிட்டுப் போகும் நோயே பெரிய ஆபத்து. இதைச் சோதனை மூலம் நிரூபித்தவர் அமெரிக்க விஞ்ஞானி தியோபால்டு ஸ்மித். அவர் ஆராய்ந்தது மாடுகளை. ஆனால் அதன் பலன் இன்று நம் வீட்டு நாய்க்கும் கிடைக்கிறது.

இளமை

ஸ்மித், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் 1859-ம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். உதவிச் சம்பளம் பெற்றுக் கார்னெல் சர்வகலாசாலையில் படித்தார். 1883-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் வைத்தியத் தொழிலில் இறங்கவில்லை. வாஷிங்டனில், விவசாய இலாகாவின் கால்நடைப் பிரிவில் ஆராய்ச்சி வேலைக்குச் சேர்ந்தார்.

விசித்திர நோய்

அந்தக் காலத்தில் 'டெக்ஸாஸ் ஜுரம்' என்ற நோய் அமெரிக்க மாடுகளை வாரிக்கொண்டு போயிற்று. தெற்கேயிருந்து வடக்கே ஓட்டி வரப்பட்ட மாடுகள் நன்றாகவே இருக்கும். அவை மேய்ந்த புல்வெளியில் வடநாட்டு மாடுகள் மேய்ந்தால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் அவற்றுக்குக் கடும் ஜுரம் காணும். சிறுநீர் சிவக்கும். பிறகு செத்து விழும்.

மாட்டுக்காரர்கள், உண்ணிதான் காரணம் என்றார்கள். படித்தவர்களில் பலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஸ்மித் சிரிக்கவில்லை. அனுபவசாலிகளின் பேச்சில் உண்மை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்.

கையால் பிடுங்கினார்கள்!

1889-ல் வட கரோலினாவிலிருந்து, உண்ணி மொய்த்த மாடுகள் வரவழைக்கப்பட்டன. ஸ்மித்தும், மிருக வைத்தியர் கில்போர்னும் வேலையைத் தொடங்கினார்கள். சில மாடுகளை உண்ணியோடு ஓர் அடைப்பில் விட்டார்கள். மற்ற மாடுகளின் உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கி, வேறோர் அடைப்பில் விட்டார்கள். இரண்டு அடைப்புகளிலும் வடநாட்டு மாடுகளைச் சேர்த்தார்கள்.

உண்ணி இருந்த அடைப்பில் வடநாட்டு மாடுகள் நோயில் விழுந்தன. உண்ணி பிடுங்கிய அடைப்பிலோ அவை சுகமாக மேய்ந்தன! தென்னாட்டு மாடே இல்லாத இன்னோர் அடைப்பில் உண்ணிகளை மட்டும் தூவினார்கள். அங்கும் நோய் வந்தது.

ஒரு மாதப் புதிரும் விடுபட்டது. தாய் உண்ணி கீழே விழுந்து முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அக்குஞ்சுகள் வேறு மாட்டில் ஏறிக் கடித்து, நோய் முற்ற அவ்வளவு நாள் ஆயிற்று. தாயிடமிருந்த கிருமி முட்டை வழியாகவே குஞ்சுக்கும் வந்தது. நோயுற்ற மாட்டின் சிவப்பு அணுக்களுக்குள் அந்தக் கிருமியை ஸ்மித் கண்டார். இன்று அதற்குப் பாபேசியா என்று பெயர்.

1893-ல் முழு அறிக்கை வெளிவந்தது. கொசு மலேரியாக் கிருமியைச் சுமப்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்ததோ 1897-ல்தான்!

சென்னை வேட்டை நாய்கள்

இதே இனக் கிருமிகள் நாய்களையும் விடவில்லை. தென் ஆப்பிரிக்காவில் நாய்களைக் கொன்ற காமாலை நோய், உண்ணியால் பரவுவது என்று 1901-ல் லௌன்ஸ்பரி என்பவர் காட்டினார். 1910-ல், சென்னையில் வெள்ளைக்காரர்கள் நரி வேட்டைக்கு வளர்த்த நாய்களின் ரத்தத்தில் பாட்டன் என்ற ஆராய்ச்சியாளர் புதிய பாபேசியா ஒன்றைக் கண்டார். பிறகு நரியின் ரத்தத்திலும் அது இருந்தது.

என்ன செய்யலாம்?

மாட்டு உண்ணி ஒரே மாட்டில் வளர்ந்து முடியும். நம் நாட்டு நாய் உண்ணியோ பருவத்துக்குப் பருவம் கீழே இறங்கிச் சுவர் வெடிப்பிலும் நாயின் படுக்கையிலும் ஒளியும். பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகையால் நாயை மட்டும் கவனித்தால் போதாது. அது படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும்.

பாபேசியாக் கிருமி நாயின் உடலில் ஏற, உண்ணி பெரும்பாலும் இரண்டு நாளாவது கடித்துக்கொண்டிருக்க வேண்டும். எனவே தினமும் ஒரு முறை காது, கழுத்து, அக்குள், விரல் இடுக்குகளைத் தடவிப் பார்ப்பது பெரிய காப்பு. உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், நெருப்புக் காட்டாதீர்கள், விரலால் நசுக்காதீர்கள். உண்ணி மருந்தைக் கால்நடை டாக்டரைக் கேட்டே போடுங்கள். நாய் தீனி தின்னாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டு செல்லுங்கள்.

கடைசிக் காலம்

ஸ்மித் 1895-ல் ஹார்வர்டு சென்றார். மனிதனின் காசநோய்க் கிருமியும் மாட்டின் காசநோய்க் கிருமியும் வேறு வேறு என்று 1898-ல் காட்டினார். 1906-ல் அமெரிக்கா மாட்டு உண்ணியை ஒழிக்கத் தொடங்கியது. மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்தே, 1943-க்குள் ஏறக்குறைய நாடு முழுவதும் ஒழித்துவிட்டது. அந்த வெற்றியை முழுதும் காண ஸ்மித் இருக்கவில்லை. 1934-ல் தமது 75-வது வயதில் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மாட்டுக்காரன் பேச்சை அலட்சியம் செய்யாத அந்தப் பெரிய மனிதரால், உலகெங்கும் எண்ணற்ற வாயில்லா ஜீவன்கள் பிழைத்தன.