அரண்மனையை விட்டு வந்த அருளானந்தர்

ஓரியூர் என்றதும் உமக்குச் சிவந்த மணலும் வெட்டுண்ட தலையுமே நினைவுக்கு வரும். அர்ச். அருளானந்தர் மரித்த விதத்தை நம் வீட்டுச் சிறுபிள்ளையும் சொல்லும். அவர் இந்நாட்டில் வாழ்ந்த விதத்தை நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? தலையைக் கொடுத்தது ஒருநாள் காரியம். அதற்கு முன் பல வருஷங்களாகத் தினந்தோறும் நாவையும் வயிற்றையும் பாதங்களையும் கொடுத்து வந்தார். அந்தக் கதையை இவ்வாரம் கேளும்.

1647-ம் வருஷம் மார்ச் 1-ம் தேதி போர்த்துக்கல் தேசத்து லிஸ்பன் நகரில் பெரிய பிரபு குடும்பத்தில் பிறந்தார். ஜான் தெ பிரிட்டோ என்பது பெயர். தகப்பனார் பிரேசிலில் அதிபதியாயிருந்து அங்கேயே காலமானார். சிறுவன் ஜான் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழனாய் வளர்ந்தான். பட்டாடையும் வெள்ளித்தட்டும் அவனுக்குப் புதுமையல்ல. ஒருமுறை கடும் நோய் கண்டபோது, தாயார் அர்ச். சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. நேர்ச்சைப்படி ஒரு வருஷம் சேசு சபையாரின் கறுப்பு அங்கியை அணிந்துகொண்டே அரண்மனையில் நடமாடினான். பட்டுடுத்திய தோழர்கள் கேலி செய்யாமலிருப்பார்களா? ஊரார் சிரிக்கும் உடையைக் கூசாமல் உடுத்த அவன் அங்கேயே கற்றுக்கொண்டான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1662-ல் சேசு சபையில் சேர்ந்தார். 1673-ல் இந்தியாவுக்குக் கப்பலேற நின்றபோது, பெற்ற தாயே தடுக்கப் பெரிதும் முயன்றார். அவரைக் குறை சொல்லாதேயும். புருஷனைக் கடலுக்கு அப்பால் இழந்தவர், கடைசிப் பிள்ளையையும் அதே கடல் கொண்டுபோகச் சம்மதிப்பாரா? ஆயினும் மகன் புறப்பட்டார். மார்ச்சில் ஏறியவர் செப்டம்பரில் கோவாவில் இறங்கினார். மறுவருஷம் மலைகளைக் கடந்து, கால்நடையாய்ச் செஞ்சிச் சீமைக்கு வந்துசேர்ந்தார்.

நம் நாட்டை ஏழை நாடு என்றால் நீர் கோபிக்கக்கூடும். கோயில்களும் நெசவும் காவேரி நெல்லும் உள்ள நாடுதான். ஆனால் அவர் வாழ வந்தது குடியானவர்களிடையே. அக்காலம் யுத்த காலம். 1677-ல் செஞ்சிக் கோட்டை சிவாஜியின் கைக்கு மாறியது. படைகள் போன வழியில் பயிர் நிற்காது. பயிரில்லாத ஊரில் குருவுக்கு மட்டும் சோறு எங்கிருந்து வரும்?

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றிருந்தது. கடற்கரைப் பட்டணங்களில் வாழ்ந்த போர்த்துக்கீசரை உள்நாட்டார் பறங்கிகள் என்பார்கள். மாட்டிறைச்சி தின்பவன், மது குடிப்பவன், தோல் செருப்போடு எங்கும் நுழைபவன் என்பதெல்லாம் அந்த ஒரே சொல்லில் அடக்கம். ஒருவர் பறங்கி என்று தெரிந்தால் எந்தத் திண்ணையும் அவருக்குக் கிடையாது. அவர் சொல்லும் வேதத்துக்கும் அதே கதிதான். ஆகையால் தத்துவ போதகர் 1606-ல் மதுரைக்கு வந்தபின் தொடங்கிய சந்நியாச வழியையொட்டி, பிற்காலத்துக் குருக்கள் பண்டாரசுவாமிகளாய் வாழ்ந்தார்கள். உயர்ந்த சாதியாரோடு பழகும் சந்நியாசி ஒடுக்கப்பட்டவர்களின் குடிசைப்பக்கம் போக இயலாது. பண்டாரசுவாமி இருதிறத்தாரோடும் பழகலாம். சாதிக் கட்டுப்பாட்டுக்கு இவ்வளவு இடங்கொடுத்திருக்க வேண்டுமா என்று இன்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

அருளானந்தரும் அந்த வழியை மேற்கொண்டார். காவித் துணி, தலைப்பாகை, கையில் கோல், காலில் மரப் பாதகுறடு. மரப் பாதகுறடு போட்டுக்கொண்டு பத்தடி நடந்து பாரும். விரலிடுக்கில் குமிழ் உராயும் வேதனை தெரியும். அதோடு அவர் வரப்பிலும் முள்ளிலும் காதவழி நடந்தார். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. ரொட்டி தின்று வளர்ந்த வயிற்றுக்குச் சோறும் பருப்பும் கீரையும். பூசைக்கு வேண்டியது தவிரத் திராட்சரசம் ஒரு துளியுமில்லை. படுக்கை தரையில். பகல் வெயிலில் பிரயாணம். இரவில் பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் பூசை. நாமோ வெளியூருக்குப் போய் இரண்டு நாள் சாம்பார் ருசி மாறினால் முகஞ்சுளிக்கிறோம்.

1686-ல் மறவ நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். திரும்பிவந்தால் மரணம் என்று எச்சரித்து இராமநாதபுரத்துச் சேதுபதி விடுவித்தார். சபையின் காரியமாக 1687-ல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் ஆச்சரியத்தைப் பாரும். சொந்த ஊர், சொந்த பாஷை, வயதான தாயார். பால்ய தோழர் பேதுருவோ அப்போது அரசர். எந்தப் பந்தியிலும் அவருக்கு முதலிடமே. அவரோ மதுரையில் உண்டபடியே உண்டார், இறைச்சியும் மீனும் தொடவில்லை, தரையிலேயே படுத்தார். பழகின வயிற்றை ஒருமுறை பின்னுக்கு விட்டால், மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டுமென்று எண்ணினார் போலும். அல்லது சோறே அவருக்கு வீட்டுச் சாப்பாடாகிவிட்டதோ என்னவோ. அரசர் அவரைத் தேசத்திலேயே நிறுத்திக்கொள்ளப் பார்த்தார், அவர் இணங்கவில்லை. 1690-ல் மறுபடி கப்பலேறினார். இம்முறை தாயாருக்கும் மகனுக்கும் தெரியும், இனிச் சந்திப்பு இவ்வுலகில் இல்லையென்று.

பின்பு நடந்ததை நீர் அறிவீர். நோய் நீங்கி ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர், முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவினள்; அவள் முறையிட, 1693 ஜனவரியில் சுவாமி பிடிபட்டார். பிப்ரவரி 4-ம் தேதி ஓரியூரில் தலை வெட்டுண்டது. 1947-ல் பாப்பானவர் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார்.

செய்தி கடல் கடந்து லிஸ்பனை எட்டியபோது, அரசர் நன்றியறிந்த வழிபாடு நடத்தக் கட்டளையிட்டார். அன்று தடுத்துப் பார்த்த அந்தத் தாயும் வந்திருந்தார். துக்க உடையில் அல்ல. பண்டிகைக்கு உடுத்தும் ஆடையில்.