மணலில் பிறந்த கல்விமுறை

லண்டனில் அக்கர்மன் 1808 முதல் 1810 வரை வெளியிட்ட வண்ணப்படங்களுள் செல்சிப் படைவீரர் பள்ளியின் உட்புறத்தைக் காட்டும் படமும் ஒன்று. அப்பள்ளி மேற்கொண்ட பாடமுறையின் வேர் எங்கே தெரியுமா? நம் சென்னையில்!

1753-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்க்கென அமைந்த பள்ளியின் பொறுப்பேற்றார். ஒருநாள் உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்த முனைந்தபோது ஆசிரியர்கள் இசையவில்லை. பெல் சோர்ந்தாரில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் சிறுவனையே ஆசிரியனாக்கினார். சிறுவன் வென்றான்! மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் முறை அங்கு நிலைபெற்றது. 1796-இல் ஊர் திரும்பிய பெல், மறு ஆண்டே அதை நூலாக்கினார். சென்னை முறை என்ற பெயருடன் அது கடல் கடந்து பரவியது.

1832-இல் மறைந்த பெல், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் துயில்கிறார். அவர் அளித்த பொருளால் பிறந்த ஊரில் எழுந்த பள்ளிக்கு மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர்.

ஆனால் மணல் பரப்பிய அந்தத் திண்ணை வாத்தியாரின் பெயரோ, அவருடைய சட்டாம்பிள்ளையின் பெயரோ ஏட்டில் ஏறவில்லை. நண்பர்களே, தெரிந்ததைத் தோழனுக்குச் சொல்லிக் கொடுப்போம். அதுவே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி.