வழிகளை எண்ணிய மேதை

நுழையும்முன்

தாயக்கட்டையை உருட்டுமுன் என்ன விழும் என்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. ஆனால், எத்தனை விதமாக விழக்கூடும் என்பதை எண்ணிவிடலாம். நிகழ்தகவு என்னும் கணிதப் பிரிவு இவ்வெண்ணிக்கையின்மீதே எழுந்தது. வழிகள் எண்ணி முடியாத அளவுக்குப் பெருகினால் என்ன செய்வது? இத்தகையதொரு வினாவுக்கு விடை கண்டவர், காஞ்சிபுரத்தில் எழுத்தறிந்த சீனிவாச இராமானுஜன்.

காஞ்சியில் எழுத்தறிவு

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தை சீனிவாசர் கும்பகோணத்தில் புடைவைக் கடையொன்றில் கணக்கெழுதி வந்தார். இரண்டாம் அகவையில் பெரியம்மை கண்டு உயிர்பிழைத்த மகனைத் தாய் கோமளத்தம்மாள் காஞ்சிபுரத்திலிருந்த தம் பெற்றோர் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். மூன்று அகவையாகியும் குழந்தை சரிவரப் பேசவில்லை. நீதிமன்றப் பணியிலிருந்த பாட்டனார், பரப்பிய அரிசியில் அக்குழந்தையின் கைபிடித்துத் தமிழெழுத்துகளை எழுதச் செய்தார். பேச்சும் எழுத்தும் ஒருங்கே வந்தன. பாட்டனார் பணி இழந்தபின் தாயும் மகனும் கும்பகோணம் திரும்பினர்.

வென்ற பாடமும் தோற்ற தேர்வும்

1897இல் தொடக்கக்கல்வித் தேர்வில் இராமானுஜன் மாவட்ட முதன்மை பெற்றார். 1903இல் கார் என்பவர் தொகுத்த, ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகளைக் கொண்ட நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அந்நாள்முதல் கணிதம் ஒன்றே அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. பிற பாடங்களில் தவறியமையால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார்; சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்ச்சி கிட்டவில்லை. பட்டமின்றி, வருவாயின்றி, தம் குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு வேலை தேடி அலைந்தார்.

அவ்வறுமைக்கிடையே 1911இல் அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை இந்தியக் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. பெர்னூலி எண்களின் பண்புகளே அதன் பொருள். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் யாக்கோபு பெர்னூலியின் மறைவுக்குப்பின் 1713இல் வெளியான நூலில் அவ்வெண்கள் இடம்பெற்றன. பகடை முதலிய ஆட்டங்களின் வாய்ப்புகளைக் கணிக்கும் நிகழ்தகவு நூல் அது!

தெரிந்து தெளிவோம்

தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் 1, 2, 3 புள்ளிகள் கொண்ட மூன்று முகங்களும் வெறுமையான ஒரு முகமும் உள்ளன. இரு கட்டைகள் விழும் வழிகள் 4 × 4 = 16. ஒன்றில் 1, மற்றொன்றில் வெறுமை விழுந்தால் தாயம். இது இரு வழிகளில் நிகழும். நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு ஒரே வழி, நிகழ்தகவு 1/16. காஞ்சிப் பட்டு நெசவிலும் இப்பெருக்கல் உண்டு. உடலுக்கு 5, கரைக்கு 4, முந்தானைக்கு 3 நிறங்கள் இருப்பின் 5 × 4 × 3 = 60 வகைப் புடைவைகள் நெய்யலாம்.

எண்ணற்கரியதை எண்ணுதல்

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதியனுப்பினார். அம்மடல் அவர் வாழ்வை மாற்றியது. 1914 மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறினார்.

அங்கு இருவரும் ஆராய்ந்தவற்றுள் தலையாயது எண் பிரிவினை. ஓர் எண்ணை முழு எண்களின் கூட்டலாக எத்தனை வகையில் எழுதலாம் என்பதே வினா. நான்கை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் எழுதலாம். தாயத்தில் முதற்கட்டையில் எது, இரண்டாவதில் எது என்பதும் கணக்கு. பிரிவினையிலோ 3+1, 1+3 இரண்டும் ஒன்றே. ஆதலால் வெறும் பெருக்கல் இங்கு உதவாது. பத்துக்கு 42 வகைகள், நூற்றுக்கோ 19,05,69,292!

மக்மகோன் என்னும் அறிஞர் 200 வரையிலான எண்களின் பிரிவினைகளைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணையாக்கினார். 200க்கு விடை 39,72,99,90,29,388. இராமானுஜனும் ஹார்டியும் 1918இல் வெளியிட்ட வாய்பாடோ, எட்டே உறுப்புகளைக் கூட்டிய அளவில், பதின்மப் புள்ளிக்குப் பின் சிறு பிழையன்றி, அதே எண்ணைத் தந்தது. மேலும், 4இலோ 9இலோ முடியும் எண்களின் பிரிவினைத்தொகை எப்போதும் ஐந்தால் மீதியின்றி வகுபடும் என்பதையும் இராமானுஜன் நிறுவினார். 4க்கு 5, 9க்கு 30, 14க்கு 135 என அது தொடரும். பின்னாளில், அணுக்கருவினுள் ஆற்றல் பங்கிடப்படும் வகைகளைக் கணக்கிட இயற்பியலாரும் அவ்வாய்பாட்டைப் பயன்கொண்டனர்.

நிலைத்த புகழ்

வாய்பாடு அச்சேறிய காலத்தில் அவர் மருத்துவமனைகளில் நோயுற்றுக் கிடந்தார். 1918இல் இலண்டன் அரச கழகமும் டிரினிட்டி கல்லூரியும் அவரை உறுப்பினராக்கிப் பெருமை செய்தன. 1919இல் தாயகம் திரும்பியவர், இறுதி நாள்வரை தாள்களில் கணக்கெழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் அகவையில் மறைந்தார். அத்தாள்கள் 1976இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு இன்றும் ஆராயப்படுகின்றன. அவர் பிறந்தநாள் தேசியக் கணித நாளாகப் போற்றப்படுகிறது.

கல்லூரித் தேர்வுகள் அவருள் இருந்த ஆற்றலை அளந்தறியவில்லை. ஓர் எண்ணுக்குள் எத்தனை வழிகள் மறைந்துள்ளன என்று காட்டியவரின் வாழ்வு, ஒரு மாணவர்க்குள்ளும் எத்தனையோ வழிகள் உள்ளன என்பதை நமக்கு உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்...

1. இரு தாயக்கட்டைகள் விழும் 16 வழிகளையும் பட்டியலிட்டு, மிகுதியான வழிகளில் விழும் எண் எது எனக் கண்டறிக.
2. ஆறு முகப் பகடைகள் மூன்றை உருட்டும்போது கூடுதல் 9, 10 ஆகும் வழிகளை வரிசையைக் கருதியும் கருதாமலும் எண்ணி, வேறுபாட்டை வகுப்பில் விளக்குக.