பட்டம் தருவது யார்?

ஜெர்மனி நாட்டு ஐஸ்லேபன் நகரிலே, 1483ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் பிறந்தவர் மார்ட்டின் லூதர். தந்தை ஹான்ஸ், செம்புச் சுரங்கத்திலே பாடுபட்டு முன்னேறியவர். மகனை வக்கீலாக்கிப் பார்க்க ஆசை கொண்டவர். மகனோ 1505இல், நடுவழியில் விழுந்த இடிக்கு அஞ்சித் துறவியாவதாக நேர்ந்துகொண்டு, எர்ஃபர்ட் நகர மடத்திலே புகுந்துவிட்டார்.

1507இல் குருப்பட்டம் பெற்று முதல் பூசை செய்தபோது அவர் நடுநடுங்கினார். ஏன் நடுங்க மாட்டார்? பட்டம் பெற்றவன் தனி இனம். அவன்மீது பதிந்த முத்திரை அழியவே அழியாது. அரசனின் நீதிமன்றம்கூட அவனை விசாரிக்கலாகாது. ரோமாபுரி மதபீடத்தின் போதனை அது.

அப்படி நடுங்கியவர்தாம் 1520இல் துணிந்து எழுதினார்: ஞானஸ்நானம் பெற்ற அனைவரும் குருமாரே; செருப்புத் தைப்பவர், கருமார், உழவர் ஆகியோருக்கும் பாதிரிக்கும் உள்ளது தொழில் வேறுபாடே அன்றிப் பிறிதில்லை என்று. பாலைவனத்திலே சிறைப்பட்ட சிலர், தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், போப்பும் பிஷப்பும் கூடித் தொட்டு ஆசீர்வதித்த குருவுக்கு அவர் எள்ளளவும் குறைந்தவரல்லர் என்றார். பதவி போனால், அவர் மீண்டும் ஊராரில் ஒருவரே.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் மேடையேறலாமா? கூடாது என்றார் லூதர். ஊழியம் கடவுள் ஏற்படுத்தியது. உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆகவேதான் எல்லோர் சம்மதமும் இன்றி ஒருவர் அதை எடுத்துக்கொள்ளலாகாது. சங்கம் நடத்திப் பழகிய நம் தோழர்களுக்கு இது விளங்காத தத்துவமல்ல! சபை அழைக்க வேண்டும். தலைமேல் கைவைத்துச் செய்யும் அபிஷேகம், அந்த அழைப்பை ஊரறிய உறுதி செய்வதே.

லைஸ்னிக் என்ற சிற்றூரிலே பாதிரியை நியமிக்கும் உரிமை ஒரு மடத்தின் பிடியில் இருந்தது. ஊரார் தாமே தேர்ந்துகொள்ள முனைந்தனர். 1523இல் அவர்கள் பக்கம் நின்று நூலே எழுதினார் லூதர்.

அந்தக் குரல் குடிசைகளிலும் கேட்டது. 1525 மார்ச்சில் மெம்மிங்கன் நகரிலே குடியானவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை வகுத்தனர். முதற்கோரிக்கை என்ன? கூலி உயர்வா, வரிக் குறைப்பா? அல்ல! எங்கள் பாதிரியை நாங்களே தேர்ந்தெடுப்போம், தவறினால் நாங்களே நீக்குவோம் என்பது!

அது நியாயமே என்று ஒப்புக்கொண்டார் லூதர். ஆனால் கோயில் சொத்து பிரபுவுடையதானால், முதலில் பிரபுவிடம் பணிந்து கேளுங்கள்; மறுத்தால், உங்கள் செலவிலே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கிளர்ச்சி மூண்டதும், குடியானவர்களை வெட்டி வீழ்த்துமாறு பிரபுக்களுக்கே எழுதினார். மே 14ஆம் நாள் விட்டன்பர்க் நகரிலே, பிஷப்பின் அனுமதி தேடாமல், கியோர்க் ரோரர் என்பவரின் தலைமேல் கைவைத்துப் பட்டம் அளித்தார். மறுநாள் ஃபிராங்கன்ஹவுசனில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் கொன்று குவிக்கப்பட்டனர். மடத்துக்கு எதிராக ஊராருக்குக் கை கொடுத்தவர், கோட்டைக்கு எதிராக அவர்களைக் கைவிட்டார். அவர் பெருமையைப் பேசும் நாம் இதை மறைப்பதற்கில்லை.

அதன் பிறகு திருச்சபை நிர்வாகம் மெல்ல மெல்ல மன்னர் கைக்குப் போயிற்று. 1535இல் சாக்சனி மன்னர் உத்தரவுப்படி, பட்டம் பெற வருவோரை விட்டன்பர்க்கிலே பரீட்சித்து அபிஷேகம் செய்யும் முறை வந்தது. எனினும், ஒரு சபையின் அழைப்பைக் காட்டியே அவர்கள் வர வேண்டியிருந்தது. 1546 பிப்ரவரி 18இல் பிறந்த ஊரிலேயே லூதர் கண்மூடினார். 1537 முதல் எழுதப்பட்ட பட்டம் பெற்றோர் பதிவேடு இன்றும் இருக்கிறது. அதிலே பள்ளி ஆசிரியர் இருக்கிறார், அச்சுத் தொழிலாளி இருக்கிறார், துணி நெய்தவரும் இருக்கிறார்.