பால் கொடுத்தா பிள்ளைகள் வளருமா? 'ஸ்டூடண்ட்' என்ற கோசெட்டின் கதை

திருப்பனந்தாள் பள்ளி ஒன்றில் பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் பால் கொடுத்து, வளர்ச்சியை அளக்கிறோம்னு வைங்க. யாருக்குக் கொடுப்பீங்க? மெலிஞ்ச பிள்ளைக்குத்தானே! அங்கதான் சிக்கல். அதை உலகுக்குக் காட்டியவர் வில்லியம் கோசெட் (1876-1937).

இங்கிலாந்தில் பிறந்தவர். 1899-ல் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் சேர்ந்தார். 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். 1908-ல் வந்த டி-டெஸ்ட் இவருடையதுதான்.

1930-ல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் 20,000 பள்ளிப் பிள்ளைகள் கலந்துகொண்ட சோதனை நடந்தது. பாதிப் பேருக்குப் பால், மீதிப் பேருக்கு இல்லை. ஆனா, ஆசிரியர்கள் பட்டியலில் ஆட்களை மாற்ற அனுமதி இருந்தது. கடைசியில் பால் கிடைக்காதவர்கள் ஆரம்பத்திலேயே உயரமாகவும் எடை கூடுதலாகவும் இருந்தார்கள். ஏழைப் பிள்ளைகள் மேல் ஆசிரியர்கள் பட்ட இரக்கம்தான் காரணமா இருக்கும் என்று 1931-ல் கோசெட் எழுதினார். ஒப்பீடே கெட்டுப்போச்சு.

அவர் சொன்ன வழி: ஒரே மாதிரி இரட்டையர்களை எடுங்க. யாருக்குக் காய்ச்சாத பால், யாருக்குப் பாஸ்டரைஸ் பண்ணின பால் என்பதை நாணயம் சுண்டி முடிவு பண்ணுங்க. 50 ஜோடி போதும், செலவும் குறைவு.