மூக்கைத் தொலைத்த அதிகாரியும் கோகோலும்

‘மூக்கு’ கதையை வாசித்துச் சிரித்த பிறகே, அதை எழுதிய நிக்கொலாய் கோகோலின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1809இல் உக்ரேனில் பிறந்தவர். 19 வயதில் ரஷ்யத் தலைநகர் பீற்றர்ஸ்பேர்க்குக்கு வந்து, அரச அலுவலகமொன்றில் சிறிய இலிகிதராக வேலை பார்த்தார். பதவிக்கு முன் மனிதர் குனிவதை அங்கேதான் கண்டிருப்பார்.

கதையில், நாவிதர் ஒருவர் காலையில் வெட்டிய பாணுக்குள் ஒரு மூக்கு! அதைத் தொலைத்த அதிகாரியோ, தன்னைவிட உயர்ந்த பதவிச் சீருடையில் உலாவும் தன் மூக்கிடமே பேசத் தயங்குகிறார். ஒரு சஞ்சிகை மறுத்த இக்கதையை 1836இல் கவிஞர் புஷ்கின் தமது சஞ்சிகையில் வெளியிட்டார்.

பிற்காலத்தில், தம் எழுத்தே பாவமோ என்ற அச்சம் கோகோலைப் பற்றிக்கொண்டது. 1852இல் ‘இறந்த ஆன்மாக்கள்’ நாவலின் இரண்டாம் பாகக் கையெழுத்துப் பிரதியை எரித்தார், உணவையும் ஒதுக்கினார். சில நாள்களில், 42 வயதில் மறைந்தார்.

சீருடை அணிந்தால் மூக்குக்கும் மனிதர் பணிவார்கள் என்று காட்டிய சிரிப்பை எப்படிப் பாவமென்பது? எனக்கு அது துணிவாகவே படுகிறது.